யோசிக்கிற வினைச்சொற்களுக்குப் பின்னால் 'இங்' வருமா, 'டு' வருமா?

'ஐ ஆம் கன்சிடரிங் டு சேஞ்ச் மை ஜாப்.' வேலை மாறலாமா என்று யோசிப்பவர் எழுதுகிற வாக்கியம் இது. இதில் 'டு சேஞ்ச்' தவறு, 'சேஞ்சிங்' என்று இருக்க வேண்டும். அதே ஆள் 'ஐ ஆம் பிளானிங் டு சேஞ்ச் மை ஜாப்' என்று எழுதினால் சரி. 'ஐ ஆம் திங்கிங் டு சேஞ்ச்' என்றால் தவறு, 'ஐ ஆம் திங்கிங் ஆஃப் சேஞ்சிங்' என்றால் சரி. மூன்று வாக்கியமும் ஏறக்குறைய ஒரே எண்ணத்தைச் சொல்கின்றன. ஆனால் வினை மாறும்போது அதற்குப் பின்னால் வரும் வடிவமும் மாறிவிடுகிறது.

பள்ளி வழிகாட்டிகளில் இதற்கு ஒரு பட்டியல் இருக்கும்: எஞ்சாய், அவாய்டு, ஃபினிஷ், கன்சிடர், டினை என்று வரிசையாக. மனப்பாடம் செய்தால் தேர்வு நாள் வரை நிற்கும், எழுத உட்காரும்போது உதவாது. எந்த வினை ஏன் எந்த வடிவத்தைக் கேட்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. நினைப்பு, யோசனை, ஞாபகம், நம்பிக்கை, கற்பனை ஆகியவற்றைச் சொல்லும் வினைகளை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரியும். அவற்றை மட்டும்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெயர்களை முதலில் முடித்துவிடுவோம். 'கோயிங்', 'பையிங்', 'டெல்லிங்' போன்றவை பெயர்ச்சொல்லின் இடத்தில் வந்தால் அது ஜெரண்ட். நம் இலக்கணத்தில் இதன் உறவுக்காரர் தொழிற்பெயர்: போதல், வாங்குதல், சொன்னது, செய்வது. 'டு கோ', 'டு பை' என்பவை இன்ஃபினிட்டிவ். இதற்கு நம்மிடம் நெருங்கி வருவது 'போக', 'வாங்க' என்ற செயவென் எச்சம். இனி இவற்றை இங் வடிவம், டு வடிவம் என்றே சொல்கிறேன்.

முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

ஆங்கிலத்தில் எழுதுமுன், சொல்ல வந்ததைத் தமிழில் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். நினைக்கிற வினைக்கு முன்னால் என்ன வடிவம் நிற்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்.

'அவன் நல்லவன் என்று நினைக்கிறேன்.' இங்கே 'என்று' என்பதற்கு முன்னால் நிற்பது ஒரு முழுக் கூற்று. அதைக் கேட்பவர் 'உண்மைதான்' என்றோ 'பொய்' என்றோ சொல்லலாம். உண்மை, பொய் சொல்ல முடிகிற கூற்றுக்கு ஆங்கிலத்தில் 'தட்' வாக்கியம்தான்: 'ஐ திங்க் தட் ஹீ இஸ் எ குட் மேன்.' பேச்சில் 'தட்' விழுந்துவிடும். இங் வடிவத்துக்கு இங்கே இடமே இல்லை.

'வீடு வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.' இங்கேயும் 'என்று' இருக்கிறது. ஆனால் 'வாங்கலாமா' என்பதற்கு உண்மை, பொய் சொல்ல முடியாது. அது கூற்று இல்லை. ஒரு செயலை எதிரே வைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். இப்படிப் பார்க்கப்படும் செயலுக்கு இங் வடிவம்: 'ஐ ஆம் கன்சிடரிங் பையிங் எ ஹவுஸ்.'

'வீடு வாங்க முடிவு செய்தேன்.' செயவென் எச்சம் வந்துவிட்டது. இங்கே மனம் செயலை நோக்கி நகர்ந்துவிட்டது. இதற்கு டு வடிவம்: 'ஐ டிசைடட் டு பை எ ஹவுஸ்.' டிசைட், பிளான், ஹோப், எக்ஸ்பெக்ட், இன்டெண்ட், ரிசால்வ் எல்லாம் இந்தக் கூட்டம்.

'உன்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது.' சொன்னது என்பது தொழிற்பெயர், அதிலும் இறந்தகாலம். ஆங்கிலத்தில் இங் வடிவம்: 'ஐ ரிமெம்பர் டெல்லிங் யூ.'

இந்தச் சோதனை பத்தில் எட்டு இடங்களிலாவது கைகொடுக்கும் என்று நம்பிப் பயன்படுத்தலாம். மீதி இடங்களில் தமிழே நம்மை இடறிவிடும். முக்கியமான இடறல் ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். 'போக யோசிக்கிறான்' என்று நாம் சொன்னால் பெரும்பாலும் அதற்குப் பொருள் தயங்குகிறான் என்பதுதான். அதற்கு ஆங்கிலத்தில் வேறு வினை: 'ஹீ இஸ் ஹெசிடேட்டிங் டு கோ.' ஹெசிடேட் அடுத்து நேராக ஒரு வினை வந்தால் அது டு வடிவம்தான். அங்கே 'கன்சிடர்' போட்டால் பொருளே திரும்பிவிடும். தயக்கம் போய், போகும் எண்ணம் வந்து உட்கார்ந்துவிடும்.

கன்சிடர்: எல்லாக் குழப்பத்துக்கும் தலைவாசல்

செயலை யோசிக்கும் பொருளில் 'கன்சிடர்' இங் வடிவத்தை மட்டுமே ஏற்கும். 'வீ ஆர் கன்சிடரிங் மூவிங் டு கோயம்புத்தூர்' சரி. 'கன்சிடரிங் டு மூவ்' எந்தக் காலத்திலும், எந்த இடத்திலும் சரியாகாது. 'கன்சிடரிங் மூவிங்' என்று இரண்டு 'இங்' அடுத்தடுத்து வருகிறதே என்று பலர் பயந்து இரண்டாவதை மாற்றிவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். இந்த வினைக்கு அது இயல்பான ஓசைதான்.

பிறகு 'கன்சிடர்' பக்கத்தில் 'டு' வந்து பார்த்தோமே என்ற சந்தேகம் ஏன் வருகிறது? பார்த்தது உண்மைதான். 'ஷீ இஸ் கன்சிடர்ட் டு பி த பெஸ்ட் சிங்கர்', 'ஐ கன்சிடர் ஹிம் டு பி எ ஃபிரண்ட்' என்ற வாக்கியங்களில் 'டு பி' வருகிறது. அங்கே வினையின் பொருள் வேறு: யோசித்தல் இல்லை, கருதுதல். கருதுதல் என்றால் நடுவில் ஒரு ஆளோ பொருளோ இருக்கும், அவரைப் பற்றி ஒரு மதிப்பீடு இருக்கும். செயல் எதுவும் திட்டத்தில் இருக்காது. இரண்டு பொருளையும் பிரித்துக்கொண்டால் இந்தத் தவறு இனி நேராது.

இரண்டையும் பிரிக்க இன்னொரு அடையாளமும் உண்டு. யோசித்தல் என்ற பொருளில் 'ஐ ஆம் கன்சிடரிங்' என்று தொடர் நிகழ்காலம் வரலாம். கருதுதல் என்ற பொருளில் வராது. 'ஐ ஆம் கன்சிடரிங் ஹிம் எ ஃபிரண்ட்' என்று எழுதக் கூடாது. 'ஐ கன்சிடர் ஹிம் எ ஃபிரண்ட்' என்பதே முறை. 'டு பி' இல்லாமலேயே இது நன்றாக நிற்கும். 'கன்சிடர் ஹிம் ஆஸ் எ ஃபிரண்ட்' என்று 'ஆஸ்' சேர்ப்பதை அகராதிகள் ஏற்கின்றன. ஆனாலும் பிழை கண்டுபிடிக்கும் தேர்வுக் கேள்விகளில் அதைப் பிழை என்று வைக்கிற வழக்கம் இருப்பதால், தேர்வு எழுதுகிறவர்கள் தவிர்த்துவிடுவது நல்லது. மாறாக, 'ரிகார்டு' என்ற வினைக்கு 'ஆஸ்' கட்டாயம் வேண்டும்.

'வாங்கலாமா, எப்படி வாங்குவது, எங்கே வாங்குவது' என்று கேள்வியாகவே யோசித்தால் 'கன்சிடர்' அடுத்துக் கேள்விச்சொல்லையும் எடுக்கும்: 'வீ கன்சிடர்ட் வெதர் டு செல்', 'கன்சிடர் ஹவ் டு ரிப்ளை'. இங்கே 'டு' வருவதற்குக் காரணம் 'வெதர்', 'ஹவ்' என்ற சொற்கள், 'கன்சிடர்' இல்லை. இந்த வாக்கியங்களைப் பார்த்துவிட்டு நடுச்சொல்லை விட்டு 'கன்சிடர் டு' என்று எழுதுபவர்களும் உண்டு.

இன்னொன்று: 'ஐ கன்சிடர்ட் கோயிங்' என்றால் போனதாகப் பொருளில்லை. யோசித்ததோடு சரி. அதனால் நடந்து முடிந்த செயலை 'கன்சிடர்' பக்கத்தில் வைக்க முடியாது. 'ஐ கன்சிடர்ட் ஹேவிங் கான்' என்று எழுதினால் ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஒன்றும் விளங்காது.

'கான்டெம்ப்ளேட்' என்ற வினையும் இதே வழியில் செல்லும், சற்றுக் கனமான யோசனைக்கு: 'ஷீ கான்டெம்ப்ளேட்டட் ரிசைனிங்.' சின்ன விஷயத்துக்கு இதைப் போடாதீர்கள். டீ குடிக்கலாமா என்பதற்கு 'கான்டெம்ப்ளேட்' பொருந்தாது.

திங்க்: தனியாக ஏற்காது, துணையோடு ஏற்கும்

'திங்க்' நேரடியாக இங் வடிவத்தை எடுக்காது. 'ஐ ஆம் திங்கிங் கோயிங்' என்ற வாக்கியம் கிடையாது. நடுவே 'ஆஃப்' அல்லது 'அபௌட்' வேண்டும். முன்னிடைச்சொல், அதாவது பிரிபோசிஷன் வந்துவிட்டால் அடுத்து வரும் வினை எதுவானாலும் இங் வடிவம்தான். ஆங்கிலத்தில் விலக்கு மிகக் குறைவான விதிகளில் இது ஒன்று. 'ஐ ஆம் திங்கிங் ஆஃப் கோயிங்', 'ஐ ஆம் திங்கிங் அபௌட் கோயிங்.'

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா? திட்டத்தைச் சொல்லும்போது இரண்டும் பொருந்தும். 'ஆஃப்' என்றால் எண்ணம் உதித்திருக்கிறது, 'அபௌட்' என்றால் அந்த எண்ணத்தோடு கொஞ்ச நேரம் செலவாகிறது என்ற சிறு வேறுபாடு இருக்கும். எதிர்மறையில்தான் வித்தியாசம் கூர்மையாகும். 'ஐ நெவர் தாட் ஆஃப் செல்லிங் இட்' என்றால் விற்கும் எண்ணமே தலையில் தோன்றவில்லை. 'ஐ வுட் நாட் திங்க் ஆஃப் செல்லிங் இட்' என்றால் விற்கவே மாட்டேன் என்ற உறுதி. இந்த உறுதிப் பொருளில் 'அபௌட்' பொருந்தாது, 'ஆஃப்' மட்டுமே.

'திங்க்' பக்கத்தில் 'டு' வரும் ஓர் இடமும் உண்டு. 'ஐ டிட் நாட் திங்க் டு ஆஸ்க்.' கேட்கத் தோன்றவில்லை என்று பொருள். எதிர்மறையிலும் கேள்வியிலும்தான் இது பெரும்பாலும் வாழ்கிறது. 'ஐ ஆம் திங்கிங் டு ஆஸ்க்' என்று திட்டத்தைச் சொல்ல இதைப் பயன்படுத்துவது தவறு. நம்மவர் ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் கண்ணில் படும் தவறுகளில் இதுவும் ஒன்று. காரணம், தமிழில் 'கேட்க நினைக்கிறேன்' என்று செயவென் எச்சம் வைத்தே சொல்கிறோம். உங்கள் தமிழ் வாக்கியம் 'கேட்க நினைக்கிறேன்' என்று வந்தால் இரண்டு வழி இருக்கிறது. 'திங்க்' வேண்டும் என்றால் 'திங்கிங் ஆஃப் ஆஸ்கிங்'. 'டு' வேண்டும் என்றால் வினையை மாற்றி 'ஐ இன்டெண்ட் டு ஆஸ்க்' அல்லது 'ஐ பிளான் டு ஆஸ்க்'. இரண்டையும் கலக்காதீர்கள்.

'போகலாம் என்று நினைக்கிறேன்' என்ற தமிழ் வாக்கியம் இன்னும் சிக்கலானது. நானே போகும் எண்ணத்தில் இருக்கிறேன் என்றும் பொருள், போவதற்கு அனுமதி இருக்கும் போலிருக்கிறது என்றும் பொருள். முதலாவது 'ஐ ஆம் திங்கிங் ஆஃப் கோயிங்'. இரண்டாவது 'ஐ திங்க் வீ கேன் கோ'. கருத்து என்றால் 'ஐ திங்க்', திட்டம் என்றால் 'ஐ ஆம் திங்கிங் ஆஃப்' என்று பழகிக்கொண்டால் 'ஐ ஆம் திங்கிங் தட் ஹீ இஸ் ரைட்' போன்ற வாக்கியங்களும் தானாகக் குறையும்.

கையெழுத்துப் போடும் முன் யோசி என்று எச்சரிக்க, 'திங்க் ட்வைஸ் பிஃபோர் சைனிங்' என்று 'பிஃபோர்' வைத்தும் சொல்லலாம், 'திங்க் ட்வைஸ் அபௌட் சைனிங்' என்றும் சொல்லலாம். காரணம் அதே முன்னிடைச்சொல் விதி.

ஜெரண்ட் போலத் தெரிவது, ஆனால் அந்த வினைக்குச் சொந்தமில்லாதது

'ஐ திங்க் ரீடிங் ஹெல்ப்ஸ்.' 'ஐ பிலீவ் வாக்கிங் இஸ் குட் ஃபார் த ஹார்ட்.' இவை நல்ல ஆங்கிலம். 'திங்க்' அடுத்து நேராக 'ரீடிங்' நிற்கிறது. அப்படியானால் மேலே சொன்ன விதி பொய்யா?

இல்லை. இங்கே 'தட்' விழுந்துவிட்டது. 'ஐ திங்க் தட் ரீடிங் ஹெல்ப்ஸ்' என்பதுதான் முழு வாக்கியம். 'ரீடிங்' என்பது 'ஹெல்ப்ஸ்' என்ற அடுத்த வினையின் எழுவாய். அதற்கும் 'திங்க்' என்பதற்கும் நேரடி உறவு இல்லை. கண்டுபிடிக்கும் வழி எளிது. இங் வடிவத்தைத் தாண்டி இன்னொரு முழு வினை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நடுவே 'தட்' போட்டுப் படியுங்கள். வாக்கியம் நின்றால் அது கூற்று. 'ஐ கன்சிடர்ட் தட் ரீடிங்' என்று போட்டுப் பார்த்தால் வாக்கியம் பாதியில் தொங்கும். ஆகவே அங்கே இங் வடிவம் 'கன்சிடர்' என்ற வினைக்கே சொந்தம். நன்றாகப் படித்தவர்களும் தடுமாறும் இடம் இது, ஏனெனில் பத்திரிகைகளில் 'தட்' இல்லாத வாக்கியங்களே அதிகம்.

ஞாபகமும் மறதியும்

இந்தப் பகுதியில் தமிழ் நமக்குப் பெரிய வரம். 'சொல்ல மறந்துவிட்டேன்' என்கிறோம், 'சொன்னதை மறந்துவிட்டேன்' என்கிறோம். முதலாவதில் சொல்லவே இல்லை. இரண்டாவதில் சொல்லியாயிற்று, அந்த ஞாபகம்தான் போயிற்று. ஆங்கிலமும் இதே இடத்தில் இதே மாதிரி பிரிகிறது. 'ஐ ஃபர்காட் டு டெல் யூ' முதலாவது. 'ஐ வில் நெவர் ஃபர்கெட் டெல்லிங் யூ' இரண்டாவது வகை. 'சொல்ல' என்றால் டு, 'சொன்னது' என்றால் இங். இவ்வளவுதான் சூத்திரம்.

'ரிமெம்பர்' அப்படியே. 'ரிமெம்பர் டு லாக் த டோர்', பூட்ட ஞாபகம் வைத்துக்கொள். 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்', பூட்டியது ஞாபகம் இருக்கிறது. வீட்டைப் பூட்டினோமா என்ற சந்தேகத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஒரு நுட்பம்: 'ஃபர்கெட்' அடுத்த இங் வடிவம் 'நெவர்' போன்ற எதிர்மறையோடு வரும்போதுதான் இயல்பாக ஒலிக்கும். 'ஐ வில் நெவர் ஃபர்கெட் சீயிங் த சீ' அருமையான வாக்கியம். ஆனால் 'ஐ ஃபர்காட் டெல்லிங் யூ' என்பதைவிட 'ஐ ஃபர்காட் தட் ஐ ஹேட் டோல்டு யூ' என்றே பெரும்பாலும் எழுதுவார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

'ரிக்ரெட்' கடிதங்களில் கவனிக்க வேண்டியது. 'வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்றால் வருந்தத்தக்க செய்தியை இப்போது சொல்லப்போகிறார்கள். இன்ஃபார்ம், டெல், சே, அனௌன்ஸ் போன்ற அறிவிக்கும் வினைகளோடுதான் இந்த 'டு' வரும். செய்துவிட்ட காரியத்துக்கு வருந்துவது என்றால் இங்: 'ஐ ரிக்ரெட் செல்லிங் த லேண்ட்.' நிலத்தை விற்றதற்கு வருந்துபவர் 'ஐ ரிக்ரெட் டு செல்' என்று எழுதக் கூடாது.

'ரீகால்', 'ரெகலெக்ட்' இரண்டும் பழைய ஞாபகத்துக்கு மட்டும். அவற்றுக்கு 'டு' கிடையவே கிடையாது. 'ஐ டோன்ட் ரீகால் மீட்டிங் ஹிம்.' பிறருக்கு ஞாபகப்படுத்துவது 'ரிமைண்ட்': 'ரிமைண்ட் மீ டு கால்.' 'ரிமெம்பர் மீ டு கால்' என்பது நமக்கு மட்டும் புரிகிற ஆங்கிலம்.

எதிர்காலத்தைப் பார்க்கிற வினைகள்

கற்பனைக்கு 'இமாஜின்', இங் வடிவம்: 'இமாஜின் லிவிங் வித்தவுட் எலக்ட்ரிசிட்டி.' கற்பனையில் வேறொருவர் நடமாடினால் அவரை நடுவே வையுங்கள்: 'ஐ கான்ட் இமாஜின் ஹிம் லையிங்.' 'இமாஜின் டு லிவ்' வராது. ஊகம் என்ற பொருளில் மட்டும் 'ஐ இமாஜின்ட் ஹிம் டு பி ஓல்டர்' என்று 'டு பி' வரும். கன்சிடர் விஷயத்தில் பார்த்த அதே பிரிவு. 'என்விசேஜ்' இங் எடுக்கும். 'பிக்சர்' என்ற வினைக்கு ஆள் கட்டாயம்: 'பிக்சர் யுவர்செல்ஃப் சிட்டிங் ஆன் த பீச்.'

எதிர்பார்ப்பில் ஒரு ஜோடியை நினைவில் வையுங்கள். 'ஐ எக்ஸ்பெக்ட் டு ஃபினிஷ் பை ஃபிரைடே', 'ஐ ஆன்டிசிபேட் ஃபினிஷிங் பை ஃபிரைடே'. பொருள் ஒன்றே, வடிவம் வேறு. மேலே சொன்ன காரண விளக்கம் இங்கே முழுதாகப் பொருந்தவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 'ஆன்டிசிபேட்' என்பதை வரப்போவதை முன்கூட்டியே மனக்கண்ணில் பார்ப்பதாக எடுத்துக்கொண்டால், இமாஜின் பக்கத்தில் அதை உட்கார வைக்கலாம்.

மூன்றாவதாக 'லுக் ஃபார்வர்டு டு'. இங்கே இருக்கும் 'டு' முன்னிடைச்சொல், டு வடிவத்தின் பகுதி இல்லை. எனவே 'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ'. 'டு' எந்த வகை என்று அறிய, அதன் பின் ஒரு பெயர்ச்சொல் வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்டு டு த ஹாலிடேஸ்' நிற்கிறது, ஆகவே முன்னிடைச்சொல். 'டிசைடட் டு த ஹாலிடேஸ்' நிற்கவில்லை, ஆகவே டு வடிவம். அலுவலக மின்னஞ்சல்களின் கடைசி வரியில் இந்தத் தவறு வந்து முழுக் கடிதத்தின் மதிப்பையும் குறைப்பதால் இதைக் கட்டாயம் சரிசெய்துகொள்ள வேண்டும்.

கனவுக்கு 'ட்ரீம் ஆஃப்', 'ட்ரீம் அபௌட்': லட்சியம் என்றால் 'ஆஃப்', தூக்கத்தில் கண்டது என்றால் 'அபௌட்' அதிகம். வேண்டாம் என்று முடிவெடுத்தால் 'டிசைடட் அகெய்ன்ஸ்ட் கோயிங்'. 'இன்டெண்ட்' டு எடுப்பதே வழக்கம், இங் வடிவமும் ஏற்கப்பட்டதுதான். ஆனால் 'இன்டெண்டிங்' என்று எழுதிய பிறகு இன்னொரு இங் போடாதீர்கள். 'மீன்' இரு பொருள் தரும்: 'ஐ மீன் டு கோ' என்றால் போகும் எண்ணம், 'இட் மீன்ஸ் கெட்டிங் அப் அட் ஃபோர்' என்றால் நாலு மணிக்கு எழ வேண்டி வரும் என்ற விளைவு.

இங் வடிவத்தை ஏற்காத கூட்டம்

பிலீவ், சப்போஸ், அஸ்யூம், ரியலைஸ், கெஸ், தெரிதல் என்ற பொருளுள்ள 'நோ' எல்லாம் உண்மை, பொய் பார்க்கிற வினைகள். கூற்று இல்லாமல் இவற்றுக்கு வேலை இல்லை. ஆகவே 'தட்' வாக்கியம். தமிழில் 'நான் இதைச் செய்ததை நம்பவே முடியவில்லை' என்று தொழிற்பெயர் வைத்துச் சொல்வதால் 'ஐ கான்ட் பிலீவ் டூயிங் திஸ்' என்று எழுதத் தோன்றும். 'ஐ கான்ட் பிலீவ் ஐ டிட் திஸ்' என்பதே சரி. தமிழ்ச் சோதனை ஏமாற்றும் இடம் இது.

'பிலீவ் இன்' என்று 'இன்' சேர்ந்தால் கதவு திறந்துவிடும். 'ஐ பிலீவ் இன் பேயிங் ஆன் டைம்', நேரத்துக்குப் பணம் கொடுப்பதுதான் முறை என்பது என் கொள்கை. பொருள் நம்பிக்கையிலிருந்து கொள்கைக்கு நகர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

'எனக்கு நீச்சல் தெரியும்' என்பதிலிருந்து வருகிறது 'ஐ நோ ஸ்விம்மிங்'. நம் ஊர் ஆங்கிலத்தில் எங்கும் கேட்கலாம், விண்ணப்பங்களில்கூட 'ஐ நோ டிரைவிங்' என்று பார்க்கலாம். பொது வழக்கில் 'ஐ நோ ஹவ் டு ஸ்விம்' அல்லது சுருக்கமாக 'ஐ கேன் ஸ்விம்'. திறமையைச் சொல்ல 'நோ' என்ற வினைக்கு 'ஹவ் டு' என்ற பாலம் வேண்டும்.

சந்தேகத்தில் 'சஸ்பெக்ட்': 'தே சஸ்பெக்ட் ஹிம் ஆஃப் ஸ்டீலிங்.' 'ஆஃப்' இல்லாமல் எழுதக் கூடாது. 'டவுட்' தட் அல்லது வெதர் எடுக்கும், இங் எடுக்காது.

இங் வடிவத்துக்குள்ளே செய்ய வேண்டிய வேலை

வடிவத்தைத் தேர்ந்த பிறகும் நான்கு இடங்களில் கை தவறும்.

எதிர்மறை எங்கே நிற்கிறது என்பதில் பொருள் தலைகீழாகும். 'ஐ டிட் நாட் கன்சிடர் கோயிங்' என்றால் போவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. 'ஐ கன்சிடர்ட் நாட் கோயிங்' என்றால் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். 'நாட்' எப்போதும் இங் வடிவத்துக்கு முன்னால் நிற்கும். 'கோயிங் நாட்' கிடையாது.

செயப்பாட்டுக்கு 'பீயிங்': 'ஐ ரிமெம்பர் பீயிங் ஸ்கோல்டட்', திட்டு வாங்கியது ஞாபகம். 'ஐ ரிமெம்பர் ஸ்கோல்டிங்' என்றால் திட்டியவர் நீங்கள்.

செயலைச் செய்தவர் வேறு ஆள் என்றால் அவரை நடுவில் வைக்க வேண்டும். 'ஐ ரிமெம்பர் ஹிம் சேயிங் சோ' பேச்சு வழக்கு, 'ஐ ரிமெம்பர் ஹிஸ் சேயிங் சோ' முறைசார்ந்த எழுத்து. இரண்டும் சரி, தேர்வுத்தாளில் இரண்டும் விருப்பமாக வந்தால் 'ஹிஸ்' பாதுகாப்பானது. 'நான் போனது எனக்கு ஞாபகம்' என்று தமிழில் இரு முறை நம்மைச் சொல்லிக்கொள்வதால் 'ஐ ரிமெம்பர் மீ கோயிங்' என்று எழுதுகிறார்கள். ஒரே ஆள் என்றால் நடுவே எதுவும் வேண்டாம்.

காலத்தை அழுத்திச் சொல்ல 'ஹேவிங்': 'ஐ ரிக்ரெட் ஹேவிங் சோல்டு இட்.' ரிமெம்பர், ரீகால், ரிக்ரெட் போன்ற பின்னோக்கிப் பார்க்கும் வினைகளுக்கு மட்டும்தான் இது பொருந்தும். அவற்றுக்கும் கட்டாயம் இல்லை, சாதாரண இங் வடிவமே பழைய காலத்தைச் சொல்லிவிடும்.

அகராதியில் எதைப் பார்ப்பது

கையடக்க ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் பொதுவாகப் பொருள் மட்டும்தான் இருக்கும்: கன்சிடர், கருது, யோசி. அடுத்து எந்த வடிவம் வரும் என்பது அங்கே கிடைக்காது. அதற்குக் கற்போருக்கான அகராதிகள் வேண்டும். இந்த வகைக்கு வழி வகுத்தவர்களில் முக்கியமானவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அங்கே 1942-ல் வெளிவந்த அவருடைய அகராதி வினைகளை 25 அமைப்புகளாகப் பிரித்துக் காட்டியது. 1948-ல் அது ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. வேற்று மொழிக்காரர்களின் தேவை தெரிந்தவர் செய்த வேலை என்பதால்தான் நமக்கு இன்றும் அது பயன்படுகிறது.

இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியில் 'கன்சிடர்' பதிவைத் திறந்தால் 'கன்சிடர் டூயிங் சம்திங்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். 'ரிமெம்பர்' பதிவில் 'டூயிங் சம்திங்', 'டு டூ சம்திங்' என இரண்டும் தனித்தனிப் பொருளோடு இருக்கும். 'டூயிங்' என்ற சொல் கண்ணில் பட்டால் இங், 'டு டூ' என்றால் டு வடிவம், 'தட்' என்றால் கூற்று. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பதிவில் முதல் பொருளோடு நிறுத்திவிடாதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்து, உங்கள் பொருளுக்குப் பொருந்தும் பகுதியில் உள்ள வடிவத்தை எடுங்கள். வினையோடு முன்னிடைச்சொல் சேர்ந்த வடிவங்கள் தனி வரியாக இருக்கும், அதையும் பாருங்கள்.

வினையைப் பெயராக்கினால் வடிவம் மாறலாம் என்பதும் அங்கேதான் தெரியும். 'ஹோப்' என்ற வினை டு எடுக்கும், 'இன் த ஹோப் ஆஃப் வின்னிங்' என்ற பெயர் இங் எடுக்கும். 'இன்டெண்ட் டு லீவ்' ஒருபுறம், 'நோ இன்டென்ஷன் ஆஃப் லீவிங்' மறுபுறம். 'ஐடியா' என்றால் 'த ஐடியா ஆஃப் மூவிங்'. 'டிசிஷன்' மட்டும் வினையைப் போலவே 'டிசிஷன் டு லீவ்'.

கை பழக எட்டு வாக்கியங்கள்

விடையைப் பார்க்காமல் முதலில் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். சில வாக்கியங்கள் சரியாகவே இருக்கின்றன.

1. ஹீ இஸ் கன்சிடரிங் டு ரிசைன்.
2. ஐ ரிமெம்பர் டு மீட் ஹிம் லாஸ்ட் இயர்.
3. ஐ திங்க் வாக்கிங் இஸ் பெட்டர் தென் ரன்னிங்.
4. டோன்ட் ஃபர்கெட் பேயிங் த பில்.
5. ஷீ இஸ் பிலீவ்ட் லிவிங் இன் லண்டன்.
6. வீ லுக் ஃபார்வர்டு டு சீ யூ.
7. ஐ கான்ட் இமாஜின் ஹிம் டு லை.
8. ஐ நெவர் தாட் டு ஆஸ்க் ஹர்.

முதலாவதில் 'ரிசைனிங்' வேண்டும், செயலை யோசிக்கிறார். இரண்டாவது போன வருடத்து ஞாபகம், ஆகவே 'மீட்டிங் ஹிம்'. மூன்றாவது சரி, 'வாக்கிங்' என்பது 'இஸ்' என்ற வினையின் எழுவாய், நடுவே 'தட்' போட்டால் நிற்கும். நான்காவதில் இன்னும் கட்டவில்லை, 'கட்ட மறக்காதே', எனவே 'டு பே'. ஐந்தாவது 'இஸ் பிலீவ்ட் டு பி லிவிங்' என்று இருக்க வேண்டும். அங்கே வரும் 'லிவிங்' ஜெரண்ட் இல்லை, 'டு பி' என்பதோடு சேர்ந்த தொடர்வினை. ஆறாவதில் 'டு' முன்னிடைச்சொல் என்பதால் 'டு சீயிங் யூ'. ஏழாவதில் 'ஹிம் லையிங்', ஏனெனில் அவர் பொய் சொல்லும் காட்சியை நினைத்துப் பார்க்க முடியவில்லை என்கிறோம், மதிப்பீடு எதுவும் இல்லை. எட்டாவது சரி. 'அவளிடம் கேட்கத் தோன்றவே இல்லை' என்ற பொருள், 'நெவர்' எதிர்மறையைத் தருகிறது. 'தாட் ஆஃப் ஆஸ்கிங் ஹர்' என்று எழுதினாலும் சரியே. 'நெவர்' என்பதை எடுத்துவிட்டு 'ஐ ஆம் திங்கிங்' என்று தொடங்கினால் இரண்டாவது வடிவம் மட்டுமே மிஞ்சும்.